சிப் சரிவரவில்லையா? குறியைப் பார்த்துப் பிழையைத் திருத்தும் முறை

"அக்கா, சிப் மட்டும் சரிவருகுதில்லை."

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்குத் தையல் பழக வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். அவர்களுக்குச் சட்டை வெட்டத் தெரியும், கை ஏற்றத் தெரியும், கழுத்துக்குப் பட்டி வைக்கத் தெரியும். உடுப்பைத் திறந்து மூட வைக்கும் சிப் என்றவுடன் கை தயங்கும். டிசம்பர் மாரிமழைக்குள் பள்ளிக்கூடச் சீருடைகள் வந்து குவியும்போது இந்தப் பயம் இன்னும் கூடும். வெள்ளைத் துணியை இரண்டு தரம் பிரித்துத் தைத்தாலே ஊசித் துளையும் கையழுக்கும் தெரிந்துவிடும்.

பல வருடம் பிரித்தும் தைத்தும் நான் கண்டது இது: சிப்பில் பிழை தெரியும் இடம் வேறு, பிழை நடந்த இடம் வேறு. அலை கண்ணில் படுவது தைத்து முடித்த பிறகு. அது உண்டானது துணியை நனைக்காமல் வெட்டிய நாளில். பல் பிரிகிறது என்று பல்லைக் குறை சொல்வோம், தேய்ந்திருப்பது தலை. ஆகவே தையலைப் பிரிக்கும் முன் கொஞ்ச நேரம் பாருங்கள்.

சொற்களை முதலில் ஒழுங்கு பண்ணிக்கொள்வோம். மேலும் கீழும் இழுபடுவதைத் தலை என்கிறேன். அது பூட்டுவது பல். பல்லைத் தாங்கி நிற்கும் துணிக்கரை நாடா.

உடுப்பை மேசையில் விரியுங்கள். சிப்பை மூடி ஒரு தரம் பாருங்கள், முழுதாகத் திறந்து ஒரு தரம், பிறகு தோளில் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு தரம். மூடும்போது மட்டும் கோணுகிறதென்றால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சமமில்லை. திறந்த பிறகும் ஒரு பக்கம் சுருங்கியே கிடந்தால் அந்தப் பக்கத் தையலில்தான் பிழை. மேசையில் நேராக இருக்கிறது, ஆள் போட்டால் மட்டும் கோணுகிறது என்றால் உடுப்பு இறுக்கம். அதற்குப் பக்கத் தையலை விட்டுக்கொடுக்க வேண்டும். எத்தனை சிப் மாற்றினாலும் தீராது.

சிப் ஓரம் அலையலையாக நிற்கிறது

என்னிடம் வரும் உடுப்புகளில் பாதி இந்தக் குறையோடுதான் வருகின்றன. அலை மூன்று விதம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நாடா நேராகக் கிடக்கிறது, துணி மட்டும் அதன்மேல் கொசுவம் போல மடிந்து நிற்கிறது என்றால், தைக்கும்போது துணி இழுபட்டிருக்கிறது. பாவாடையின் பக்க ஓரம் சரிவாக வெட்டியது. நெசவு நேராக ஓடாது, கை பட்டாலே நீளும். பனியன் துணி இன்னும் மோசம். சிப்பின் நாடாவோ நீளாது. நீண்ட துணியை நீளாத நாடாவில் பூட்டினால் மிஞ்சியது அலையாகத்தான் நிற்கும். மெசினும் இதற்குத் துணை போகிறது: ஊசிக்கு அடியில் இருக்கும் மெசினின் பற்கள் கீழ்த் துணியை முன்னே தள்ளும், மேலே துணியை அமுக்கும் கால் போன்ற ஃபுட் மற்றத் துணியைப் பிடித்து நிறுத்தும். இரண்டும் சமமாக ஓடுவதில்லை.

இதற்குச் சிப்பைப் பிரித்து எடுங்கள். துணியின் ஓரத்தை ஈரம் தெளித்து, இழுக்காமல், அயன் பெட்டியை மேலே வைத்து வைத்து எடுத்துப் பழைய நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். சட்டையின் வெட்டுத்தாள் இருந்தால் அதன்மேல் வைத்து அளந்து பார்க்கலாம். பிறகு ஓர் அங்குல அகலத்தில் மெல்லிய ஒட்டுக் கன்வஸ் வெட்டி, சிப் வரும் ஓரத்தின் உட்பக்கத்தில் அயன் பண்ணி ஒட்டுங்கள். இனி அது நீளாது. அதன்பின் கையால் பெரிய பெரிய தையலாக நூலோடி, மெசினில் இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாகவே தையுங்கள். ஒரு பக்கம் மேலிருந்து கீழே, மற்றது கீழிருந்து மேலே என்று தைத்தால் ஒன்று அப்படியும் ஒன்று இப்படியும் இழுபடும்.

இரண்டாவது விதம் இதற்கு மறுதலை. துணி இறுகி நிற்கிறது, சிப் ஒட்டகத்தின் முதுகு போல எழும்புகிறது. தைத்த அன்று நன்றாக இருந்து, முதல் தோய்ச்சலுக்குப் பிறகு வந்திருந்தால் காரணத்தைத் தேடவே வேண்டாம். பருத்தித் துணி சுருங்கிவிட்டது, பொலியெஸ்டர் நாடா சுருங்கவில்லை. ஒரு வருடம் அவசரத்தில் ஆறு சீருடைகளை நனைக்காமல் வெட்டினேன். பள்ளிக்கூடம் தொடங்கிய இரண்டாம் கிழமை ஒரு தாய் மகளின் உடுப்பைக் கொண்டுவந்து விரித்தார். கோபப்படவில்லை, விரித்து மட்டும் வைத்தார். முதுகில் சிப் கூனி நின்றது. ஆறையும் வாங்கி, ஆறிலும் சிப்பைப் பிரித்து, துணியின் இப்போதைய நீளத்துக்கு நாடாவை வைத்து, மிஞ்சியதை அடியில் விட்டுத் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து வெள்ளைத் துணி ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறாமல் என் கத்தரிக்கோலுக்கு வருவதில்லை. மாரியில் காய இரண்டு நாள் எடுத்தாலும் சரி.

மூன்றாவது, தையல் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னச் சுருக்கம். மெல்லிய துணியில் அதிகம் வரும். ஓரிடத்தில் நூலை மட்டும் வெட்டிப் பாருங்கள். வெட்டியவுடன் அந்த இடம் படுத்துவிட்டால் நூல் இறுக்கம்தான் காரணம். மேல்நூலைக் கொஞ்சம் தளர்த்தி, 11 ஆம் நம்பர் ஊசி போட்டு, வெட்டி மிஞ்சிய துணித் துண்டில் தைத்துப் பார்த்துவிட்டு உடுப்புக்குப் போங்கள்.

மூடினால் இடுப்புத் தையல் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே

கழுத்து ஓரம் ஏறி இறங்கி நிற்பதும் இதே பிழைதான். முதல் பக்கத்தைத் தைத்த கையோடு இரண்டாம் பக்கத்தையும் கண்மதிப்பில் தைத்துவிடுகிறோம். ஒரு பக்கம் தைத்ததும் சிப்பை மூடுங்கள். தைத்த பக்கத்தில் இடுப்புத் தையல் எந்த இடத்தில் நாடாவைத் தொடுகிறதோ, அதற்கு நேரே மற்ற நாடாவில் பென்சிலால் ஒரு கோடு. கழுத்து ஓரத்திலும் ஒன்று. சிப்பைத் திறந்து, அந்தக் கோட்டில் மற்றப் பக்க இடுப்புத் தையலை வைத்துக் குண்டூசி குத்துங்கள். முதலில் இடுப்பில் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் நூலோடி, மூடிப் பார்த்து, பொருந்தினால் மேலும் கீழும் நூலோடலாம்.

இடுப்பில் துணி நான்கு மடிப்பாகத் தடித்திருந்தால் ஃபுட் அங்கே ஏறும்போது துணியைத் தள்ளிவிடும். உள்ளே மிஞ்சிய துணியைக் கொஞ்சம் கத்தரித்து மெலிதாக்குங்கள். அந்த இடத்தில் மெசினை மிதிக்காமல் பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றுவதே நல்லது.

தலை இருக்கும் இடத்தில் தையல் வெளியே வளைகிறது

தலை பல்லைவிட அகலம். ஃபுட் அதில் முட்டி விலகுகிறது, தையலும் கூடவே விலகுகிறது. தலைக்கு இரண்டு அங்குலம் முன்னால் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி விட்டு, ஃபுட்டைத் தூக்கி, தலையை மெல்ல ஃபுட்டுக்குப் பின்னால் தள்ளி, பிறகு தொடருங்கள். ஊசி துணிக்குள் இருப்பதால் கோடு அசையாது.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி, திறப்பைவிட இரண்டு அங்குலம் நீளமான நைலோன் சிப் வாங்குவது. தலையைக் கழுத்துக்கு மேலே, துணிக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தைத்தால் முட்டுவதற்கு எதுவுமில்லை. தைத்த பிறகு தலையைக் கீழே இறக்கி, மேலே இரண்டு நாடாவிலும் பல்லைச் சுற்றிக் கையால் பூட்டுத் தையல் போட்டு, அதற்குப் பிறகே மிச்சத்தை வெட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. தலை மேலே இருக்கும்போது வெட்டினால் தலையும் கழன்று கையில் வந்துவிடும். புதிதாகப் பழகும் எல்லோரும் ஒரு தரமாவது இதைச் செய்கிறார்கள்.

ஊசி முறிகிறது

சாதாரண ஃபுட்டோடு பல்லுக்குக் கிட்டப் போகப் பார்க்கிறீர்கள். ஒற்றைக்கால் சிப் ஃபுட் வாங்குங்கள், விலை அதிகமில்லை. பழைய சிங்கர் மிதி மெசினுக்கும் கிடைக்கும், பழைய ஃபுட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்கினால் சரி. உலோகப் பல்லின்மேல் குறுக்கே தைக்கவே வேண்டாம். அடி முனையில் பல் குறுக்கிட்டால் அந்த இரண்டு மூன்று பல்லைக் குறட்டால் பிடுங்கிவிட்டுத் தையுங்கள். ஜீன்ஸ் துணிக்கு 16 ஆம் நம்பர் ஊசி.

மறைவுச் சிப் மறையவில்லை

கடையில் இன்விசிபிள் சிப் என்று கேட்டு வாங்குவோமே, அது. நல்ல சுரிதாருக்கும் கலியாண வீட்டுக் கவுனுக்கும் இப்போது இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இதன் பல் உட்பக்கமாகச் சுருண்டு இருக்கும். சுருளை விரிக்காமல் தைத்தால் ஊசி சுருளுக்கு வெளியே போய்விடும். மூடும்போது நாடா வெளியே எட்டிப் பார்க்கும்.

தைக்கும் முன் சிப்பைத் திறந்து, உட்பக்கம் மேலே இருக்க மேசையில் வைத்து, சூடு குறைந்த அயனின் நுனியால் சுருளை நிமிர்த்துங்கள். சூடு கூடினால் நைலோன் பல் உருகும். உருகிய பல்லைத் திருத்த வழியே இல்லை, புதுச் சிப்தான். நிமிர்ந்த சுருளின் வேரில், பல்லைத் தொடாமல் தொட்டுக்கொண்டு போகும் அளவுக்கு, தையல் ஓட வேண்டும். எட்டிப் போனால் நாடா தெரியும். அதிகம் கிட்டப் போனால் தலை அந்த இடத்தில் இறுகி நிற்கும். நாடா தெரிகிறதென்றால் பிரிக்கவே தேவையில்லை. பழைய தையலுக்கு உள்ளே, சுருளுக்குக் கிட்ட இன்னொரு தையல் ஓட்டினால் போதும். தலை இறுகினால் மட்டும் அந்த ஓர் அங்குலத்தைப் பிரித்து, ஒரு நூல் அளவு தள்ளித் தையுங்கள்.

அடியில் குமிழ் போல ஒரு வீக்கம் வருகிறதா? சிப்புக்கு முன்பே பின்பக்க மூட்டை, அதாவது இரண்டு துண்டும் சேரும் தையலை, தைத்து முடித்திருப்பீர்கள். மறைவுச் சிப்புக்கு வரிசை மாறும்: முதலில் சிப், பிறகு கீழ் மூட்டு. தலை குறுக்கே நிற்பதால் சிப்பின் அடி நுனிவரை தைக்க முடியாது. ஆகவே திறப்பைவிட ஓர் அங்குலமாவது நீளமான சிப் வாங்க வேண்டும். இரண்டு பக்கத் தையலும் ஒரே மட்டத்தில் முடியட்டும். அப்புறம் சிப்பை மூடி, தொங்கும் வாலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, சிப் ஃபுட்டால் மூட்டைத் தொடங்குங்கள். சிப் தையல் முடிந்த புள்ளிக்கு இரண்டு மூன்று தையல் மேலிருந்து, ஒரு நூல் வெளியே தள்ளித் தொடங்கினால் ஓட்டையும் வராது, குமிழும் வராது.

சிப் முறுகிப் போவதும் இதில்தான் அதிகம். ஒரு பக்கம் தைத்து, மற்றப் பக்கத்தையும் தைத்து, மூடப் போனால் கயிறு திரித்ததுபோலக் கிடக்கும். இரண்டாம் பக்கத்தை நூலோடியவுடன் ஒரு தரம் மூடித் திறந்து பாருங்கள். நூலோடியதைப் பிரிக்க ஒரு நிமிடம், மெசின் தையலைப் பிரிக்க அரை மணித்தியாலம்.

தலை துணியைக் கடிக்கிறது

கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து பழகிய ஒரு தங்கச்சி முன்பக்கம் நீளச் சிப் வைத்த அபாயா தைப்பவர். அவருக்கு இருந்த ஒரே தொல்லை இது. வழுக்கும் துணி, உள்ளே இன்னொரு லைனிங். தலை ஏறும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைக் கவ்விக்கொள்ளும். லைனிங்கின் ஓரத்தைப் பல்லிலிருந்து கால் அங்குலம் தள்ளி மடித்து, நாடாவோடு சேர்த்து மேல்தையல் போடச் சொன்னேன். மேல்தையல் இல்லாத மடிப்பு எத்தனை தரம் அயன் பண்ணினாலும் தோய்த்தவுடன் எழும்பி வரும். கடித்த துணியை எடுக்கும்போது தலையை மேலே இழுக்காதீர்கள். துணியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு தலையைக் கீழே இறக்குங்கள்.

தலை ஏறிப்போன பின்னால் பற்கள் பிரிகின்றன

இதை விளங்கிக்கொள்ள, சிப் எப்படிப் பூட்டுகிறது என்று தெரிய வேண்டும். உலோகப் பல் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சின்ன மேடு, மறுபக்கம் சின்னக் குழி. ஒன்றின் மேடு மற்றதன் குழிக்குள் போய் உட்காரும். அமெரிக்காவில் வேலைசெய்த கிடியன் சுண்ட்பேக் என்ற பொறியியலாளர் 1913 இல் உருவாக்கிய அமைப்பு இது. இன்றைக்கும் உலோகச் சிப்பின் அடிப்படை அதுதான். தலைக்குள் வழி ஆங்கில எழுத்து வை போல இருக்கும்: மேலே இரண்டு வாய், கீழே ஒன்று. இரண்டு வரிசையும் இரண்டு வாயால் நுழைந்து, உள்ளே நெருக்கப்பட்டு, பூட்டிக்கொண்டு ஒரு வாயால் வெளியே வரும். நைலோன் சிப்பில் மேடு குழிக்குப் பதில் சுருள் சுருளோடு மாட்டிக்கொள்கிறது. நெருக்கும் வேலை அங்கேயும் தலைக்குத்தான்.

வருடக்கணக்காக இழுத்த தலை உள்ளே தேய்ந்து, அந்தக் கீழ்வாய் விரிந்துவிடும். நெருக்கம் போய்விட்டது, பல் எப்படிப் பூட்டும்? தலையை அடிவரை இறக்கி, சின்னக் குறட்டால் கீழ்வாயின் ஒரு ஓரத்தை மெல்ல அமுக்குங்கள், பிறகு மற்ற ஓரத்தை அதே அளவுக்கு. ஒரே அமுக்கில் முடிக்கப் பார்க்காதீர்கள். வார்ப்புத் தலை பளீரென்று வெடித்துவிடும். கொஞ்சம் அமுக்கி, மூடிப் பார்த்து, மறுபடி கொஞ்சம்.

அதற்கும் கேட்காவிட்டால் தலையை மட்டும் மாற்றலாம். முழுச் சிப்பையும் பிடுங்க வேண்டியதில்லை. தலையின் பின்பக்கத்தைப் பாருங்கள், 3, 5 என்று எண் இருக்கும். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீற்றர். அதே எண், அதே வகை வேண்டும். நைலோன் சிப்பின் தலை உலோகப் பல்லுக்குப் பொருந்தாது. (எண்ணோடு சில தலைகளில் வை.கே.கே. என்றும் இருக்கும், பிள்ளைகள் அதன் அர்த்தம் கேட்பார்கள். 1934 இல் ஜப்பானில் தொடங்கிய யோஷிடா கோக்யோ கபுஷிகி கைஷா என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள் அவை.)

சிப்பின் அடித் தையலைப் பிரித்துப் பழைய தலையைக் கழற்றுங்கள். புதுத் தலையை மாட்டுவதுதான் பலருக்கும் சிரமம், இரண்டு நாடாவையும் ஒரே நேரத்தில் நுழைக்கக் கை போதாது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு முள்ளுக்கரண்டியை எடுத்து, தலையை அதன் முள்ளில் செருகி நிறுத்துங்கள். இரண்டு வாய் உள்ள பக்கம் உங்களைப் பார்க்கட்டும். இனி இரண்டு கையும் வேலைக்கு இருக்கிறது. நாடாக்களின் அடி நுனியை வாய்க்கு ஒன்றாக, ஒரே மட்டத்தில் நுழைத்து இழுங்கள். ஒரு பல் முந்தினாலும் மேலே போய் ஒரு பக்கம் மிஞ்சும், அப்போது கழற்றித் திரும்ப நுழைக்கத்தான் வேண்டும். பிறகு அடியைக் கையால் பூட்டித் தைத்துவிடுங்கள்.

இறுகிப்போய் இழுபடவில்லை

நம் ஊரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் கடல். திருக்கடலூரில் கரையோர வீடுகளில் பித்தளைச் சிப் பச்சை பூத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்காற்று ஒரு பக்கம். கடலுக்குக் கொண்டுபோன பையைக் கழுவாமல் வைத்தால், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பு பல்லுக்குள்ளேயே காய்ந்து கட்டியாகிவிடும். இழுத்துப் பிய்க்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பச்சை போகாவிட்டால் பஞ்சில் கொஞ்சம் வினாகிரி தொட்டுப் பல்லில் மட்டும் தடவி, நன்றாக அலசிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு பல்லின்மேல் மெழுகுதிரித் துண்டை நாலைந்து தரம் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பென்சில் கரியும் இந்த வேலையைச் செய்யும். வெள்ளைச் சீருடையில் மட்டும் வேண்டாம், கறுப்புக் கோடு விழும். சீருடைக்கு வெள்ளை மெழுகுதிரிதான்.

கடற்கரைக்குப் பாவிக்கும் பைக்கும் ஜக்கெற்றுக்கும் புதுச் சிப் போடுவதானால் பிளாஸ்ரிக் பல் வைத்ததையே கேளுங்கள். வாங்கிவைத்த உலோகச் சிப்புகளை மாரி காலத்தில் மூடி இறுக்கமான பிஸ்கற் ரின்னில் போட்டு வைப்பது என் வழக்கம்.

அடியில் பிய்ந்து வருகிறது

நீளச் சிப்பை வெட்டிக் குறைத்துவிட்டு அடியைப் பூட்டாமல் விட்டிருப்பார்கள். வெட்டும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே, பல்வரிசையைக் குறுக்கே சுற்றி, இரட்டை நூலால் எட்டுப் பத்துத் தையல் கையால் இறுக்கிப் போடுங்கள். அதற்குக் கீழே வெட்டுங்கள். ஜக்கெற்றில் வரும், இரண்டாகக் கழரும் சிப்பை மட்டும் அடியில் தொடக் கூடாது. அதை மேலேதான் குறைக்க வேண்டும்.

"அம்மா, கழுத்தில் குத்துது"

சின்னப் பிள்ளைகளின் சீருடையில் வரும் குறை. வெட்டிய நாடா நூல் விடாமலிருக்க நுனியை நெருப்பில் காட்டுகிறோம். உருகி இறுகிய நைலோன் முள் மாதிரி நிற்கும். தோல் படும் இடத்தில் நெருப்புக் காட்டாதீர்கள். நாடாவின் மேல் நுனியைப் பின்பக்கமாகச் சரித்து மடித்து, கழுத்துப் பட்டிக்குள் முழுதாக மறைத்துத் தையுங்கள். அதற்கு மேலே சின்னக் கொக்கியும் வளையமும் வைத்தால் தலை தானாக இறங்காது. சிப்பின் பின்னால், உட்பக்கம், ஒன்றரை அங்குல அகலத்தில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து ஒரு பக்கத்தில் மட்டும் சேர்த்துத் தைத்தால் முழு முதுகுக்கும் பல் படாது.

தைத்து முடித்ததும் பிள்ளைக்குப் போட்டு, கையைத் தூக்கச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். குத்தினால் அப்போதே சொல்லிவிடும்.